பொருந்தாத் திரைகள்

1

மடுல்சீமை மலையில் பனி இறங்கும் பிற்பகலொன்றில் எங்கள் பாடசாலைக்கு 75 அங்குலத் தொடுதிரையொன்று வந்து சேர்ந்தது. லொறியிலிருந்து அதனை இறக்கி, வழுக்கும் படிகளில் ஏற்றி, மண்டபச் சுவரில் பொருத்தும்வரை உயர்தர வகுப்பு மாணவர் எண்மர் கோபுரக் கலசத்தைச் சுமப்பவர்போல் பதனமாகச் சுமந்தனர். மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய தாய்மார் சிலர் கூடைகளை வாசலில் இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தனர். “ஏன் சேர், இதுல நம்ம புள்ளைக பேசுனா பதுளையில இருக்கிற வாத்தியாருக்குக் கேக்குமா?” என்று ஒரு மூதாட்டி வினவினார். “கேட்கும் பாட்டி, எழுதினால் தெரியவும் செய்யும்” என்றேன். என் விடையின் பிற்பாதி பொய்யாயிற்று.

எங்கள் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்குப் போதிய ஆசிரியர் இல்லை என்பது இந்நாட்டில் அனைவரும் அறிந்த பழைய குறை. பௌதிகம் படிக்க விரும்பும் பிள்ளை மலையிறங்கி நகரத்துக்குச் செல்ல வேண்டும். அல்லது விருப்பத்தைக் கைவிட்டு, கிடைக்கும் பாடத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதையே செய்கின்றனர். நகரிலுள்ள ஆசிரியர் ஒருவர் தம் பாடசாலைத் திரையிலிருந்து எங்கள் திரைக்கு வாரமிருமுறை பாடம் நடத்துவதாக ஒப்புக்கொண்டபோது, அந்தக் கண்ணாடிப் பலகை ஒரு வகுப்பின் வாழ்வையே மாற்றக்கூடிய சாதனமாக எங்களுக்குத் தோன்றியது.

முதல் நாள் பாடம் தொடங்கியது. முகம் தெரிந்தது, குரல் கேட்டது. ஆனால், எங்கள் மாணவி விசைகளின் படத்தை வரையத் திரையில் விரலை வைத்தபோது, சுட்டி பக்கத்திலிருந்த மடிகணினியில் ஓடியது. ஆசிரியர் தம் பலகைக்கே உரிய எழுதுமென்பொருளில் வரைந்த படம் எங்களுக்கு வரவேயில்லை. திரைக்குள்ளேயே பதிந்திருந்த கணினியில் கூட்ட மென்பொருளைத் திறக்க முயன்றோம். இந்தச் சாதனத்தின் பதிப்பு பழையது, இனிப் புதுப்பிக்க இயலாது என்ற அறிவிப்பு வந்தது. “சேர், நீங்க எழுதுறது ஒன்னும் தெரியல. சத்தம் மட்டுந்தான் கேக்குது” என்று எங்கள் பிள்ளைகள் நகரத்து ஆசிரியரிடம் கூவினர். அவர் அரைமணி நேரம் வாயாலேயே பௌதிகம் சொன்னார். படமின்றிப் பௌதிகம் ஏது? அன்று முதல் அந்தத் திரை பெரியதொரு தொலைக்காட்சிப் பெட்டியாயிற்று.

“தோட்டப் பக்கத்தாருக்கு இதையெல்லாம் பாவிக்கத் தெரியாது” என்ற பேச்சு எழப் பலநாள் ஆகவில்லை. அந்தப் பேச்சுக்கு மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன். திரையும் மென்பொருளும் ஒன்றோடொன்று பொருந்தாமைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு எங்கள் அறியாமையிலிருந்து தொடங்கவில்லை.

2

பொருத்தம் என்னும் பிரச்சினை மலையகத்துக்குப் புதியதன்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, அக்கரையில் வந்து நின்ற தென்னிந்திய ரயில் மீற்றர் பாதையில் ஓடியது. இக்கரையில் காத்து நின்ற இலங்கை ரயிலோ 5 அடி 6 அங்குல அகலப் பாதையில் ஓடியது. இரண்டும் ஒரே பேரரசின் கீழ் ஓடிய வண்டிகள். இருந்தும், கடலே வற்றியிருந்தாலும் ஒன்றின் பெட்டி மற்றதன் தண்டவாளத்தில் ஏறியிராது. நானுஓயாவிலிருந்து இராகலைப் பக்கம் சென்ற உடப்புசல்லாவைப் பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலமே. அங்கிருந்து வந்த தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் இறக்கி, அகலப் பாதை வண்டியில் மீண்டும் ஏற்றவேண்டியிருந்தது. பாதைகள் பொருந்தாத இடத்திலெல்லாம் அந்தப் பொருந்தாமையின் பாரத்தை ஏதோவொரு தொழிலாளியின் தோள் சுமந்தது.

1924இல் ரயில் பதுளையை எட்டியபோது அகலப் பாதையே வந்தது. ஆகவே, ஊவாத் தேயிலை பெட்டி மாறாமல் கொழும்புவரை சென்றது. பாதையின் அகலத்தை மலையின் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவருடைய சரக்கு, எவ்வளவு விரைவாக, எங்குப் போக வேண்டும் என்ற கணக்கும் தீர்மானிக்கின்றது. இதே கேள்வியை நம் பள்ளிச் சுவரிலுள்ள திரையிடமும் கேட்கலாம்.

3

தூரத்திலிருப்போரின் முகத்தைக் கண்டு பேசவேண்டும் என்ற ஆசைக்கு வயது நூறை நெருங்கிவிட்டது. 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்த்தகச் செயலாளராக இருந்த ஹேர்பர்ட் ஹூவர் வொஷிங்டனிலிருந்து பேசியபோது, அவர் முகம் நியூயோர்க்கிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. 1936இல் ஜேர்மனியில் பேர்லினுக்கும் லைப்ஸிக்குக்கும் இடையே பொதுமக்களுக்கான காட்சித் தொலைபேசிச் சாவடிகள் இயங்கின. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஏ.டி.அன்ட்.டி. நிறுவனம் ‘பிக்சர்ஃபோன்’ என்ற கருவியை மக்கள் முன் வைத்தது. 1970இல் பிற்ஸ்பேர்க் நகரில் அது விற்பனைக்கும் வந்தது. மாதக் கட்டணம் 160 டொலர். வாங்குவார் இல்லாமல் அம்முயற்சி அடங்கிப்போயிற்று. விலை ஒரு காரணம். மறுமுனையில் அதே கருவியை வைத்திருப்போர் இன்மை மற்றொரு காரணம். ஒற்றையாய் நிற்கும் தொலைபேசியால் பயனேது?

இந்தப் பாடத்தை உலகம் மெல்லக் கற்றது. 1990இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு ‘எச்.320’ என்ற பொது விதியை வகுத்தது. 1996இல் இணைய வலைகளுக்கென ‘எச்.323’ என்ற விதியைத் தந்தது. போட்டி நிறுவனங்களின் கருவிகளும் இவ்விதிகளின்படி ஒன்றோடொன்று பேசலாயின. ஆசிரியர்களாகிய நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அதே காலத்தில் ‘டி.120’ என்ற விதிவரிசையும் வந்தது. இரு முனைகளிலுமுள்ள கணினிகள் ஒரே எழுதுபலகையில் எழுதுவதற்கான பொது ஒழுங்கு அது. 1996இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ‘நெட்மீட்டிங்’ மென்பொருள் அதனைத் தழுவியிருந்தது. அதாவது, நகரத்து ஆசிரியர் வரைவதை எங்கள் மாணவி காணவும் திருத்தவும் வேண்டிய பொதுமொழி கால் நூற்றாண்டுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

பின் ஏன் அது எங்கள் மண்டபத்தில் இல்லை? 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது நெட்மீட்டிங் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 2003இல், ஸ்கைப் வந்துவிட்டது. அது இலவசம், எளிது. ஆயினும் அதன் உள்விதி மூடுண்டது. பின்னர் சூம், டீம்ஸ், கூகுள் மீட் என ஒவ்வொன்றும் தனித்தனிக் கோட்டையாக எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பலகை. ஒன்றில் எழுதியதை மற்றொன்று அறியாது. 1990களில் பேசத் தெரிந்திருந்த கருவிகளின் பேரப்பிள்ளைகள் 2020களில் ஒருவர்க்கொருவர் ஊமையாயின. விஞ்ஞானம் எப்போதும் முன்னோக்கியே செல்லும் என்று நம்புவோர் இந்தப் பின்னடைவைச் சற்று நின்று நோக்க வேண்டும்.

4

தொடுதிரையின் கதை வேறொரு கிளை. 1965இல் இங்கிலாந்தின் மோல்வேர்ன் நகரில், அரச ராடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் விரலின் தொடுகையை உணரும் திரையை விவரித்தார்; விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடே அதன் நோக்கம். 1970களின் தொடக்கத்தில் ஜெனீவாவின் சேர்ண் ஆய்வுக்கூடத்தில் ஃபிராங்க் பெக், பென்ட் ஸ்டம்ப் ஆகியோர் அணுத்துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்கெனத் தொடுதிரை அமைத்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ 4’ என்னும் கற்பித்தற் கணினி உருவாயிற்று. அதன் திரையைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர்கள் ஓடின; மாணவரின் விரல் கதிரை மறித்தால் விடை பதிவாகும். இன்று பல பள்ளிகளின் சுவரிலுள்ள பெருந்திரைகள் இதே தத்துவத்திலேயே இயங்குகின்றன. இம்மூன்றும் பொதுப்பணத்தில் பொதுநிறுவனங்களில் பிறந்தவை என்பதை வாசகர் மறந்துவிடலாகாது.

1991இல் கனடாவின் ஸ்மார்ட் நிறுவனம் கணினியோடு இணையும் தொடுபலகையை விற்கத் தொடங்கியது. அப்போது ஒவ்வொரு பலகைக்கும் தனி இயக்கி மென்பொருள் வேண்டும். ஒன்றின் பாடக்கோப்பு மற்றொன்றில் திறவாது. பிரித்தானியாவில் ‘பெக்டா’ என்ற அரச கல்வி நிறுவனம் எல்லாப் பலகைகளுக்கும் பொதுவான கோப்பு வடிவமொன்றை உருவாக்குவித்தது. ஒரு பள்ளி பலகையை மாற்றினாலும் ஆசிரியரின் உழைப்பு வீணாகக்கூடாது என்பதே அதன் கருத்து. 2010இல் வந்த அரசாங்கம் செலவுக் குறைப்பின் பெயரால் அந்நிறுவனத்தை ஒழிக்க முடிவு செய்தது. 2011இல் அது மூடப்பட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7 பலவிரல் தொடுகையைத் தானே அறியக்கூடியதாக இருந்ததால் இயக்கித் தொல்லை பெரிதும் குறைந்தது. கோப்புகளின் தொல்லை குறையவில்லை.

இங்கே எங்கள் மண்டபத்துக் கோளாற்றின் ஒரு பாதி விளங்குகின்றது. கணினியிலிருந்து பெருந்திரைக்குப் படம் செல்ல ஒரு கம்பி வேண்டும், அது எச்.டி.எம்.ஐ. திரையிலிருந்து கணினிக்குத் தொடுகை திரும்பி வர இன்னொரு கம்பி வேண்டும், அது யு.எஸ்.பி. முதலாவது மட்டும் இருந்தால் திரை வெறும் காட்சிப்பெட்டி. இரண்டும் இருந்தாலும், மடிகணினியின் திரையும் பெருந்திரையும் வெவ்வேறு காட்சிகளைக் காட்டும்வகையில் இணைந்திருந்தால், தொடுகை எந்தத் திரைக்கு உரியதென்று கணினிக்கு ஒருமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையேல் பெரிய திரையில் வைத்த விரல் சிறிய திரையில் சுட்டியை ஓட்டும். எங்கள் மாணவிக்கு நேர்ந்தது இதுவே. இதனை எங்களுக்குச் சொல்ல எவரும் வரவில்லை. பெட்டியிலிருந்த கைந்நூலில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

5

மறுபாதி, திரைக்கு உள்ளே இருக்கும் கணினியைச் சார்ந்தது. இதற்கு உலகின் மிகப் பெரிய நிறுவனங்களின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2015இல் மைக்ரோசொஃப்ட் ‘சர்ஃபேஸ் ஹப்’ என்ற கூட்ட அறைத் திரையை அறிவித்தது. 84 அங்குலத் திரையின் விலை 20,000 டொலரைத் தாண்டியது. முதற் தலைமுறைத் திரைகள் தங்கியிருந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பின்வந்த திரைகளைப் புதிய தளத்துக்கு மாற்ற வழியிருந்தது. முதல் திரைகளுக்கு அவ்வழி இல்லை. கூகுள் 2016இல் அறிவித்த ‘ஜேம்போர்ட்’ ஏறத்தாழ 5,000 டொலர் விலையுள்ள 55 அங்குலத் திரை. 2024 ஒக்டோபர் 1இல் அதன் ஆதரவு நின்றது. ஆண்டிறுதியில் அதன் எழுதுபலகை மென்பொருளும் நிறுத்தப்பட்டது. கண்ணாடி உடையவில்லை, விளக்கு அணையவில்லை. விற்றவன் தன் அலுவலகத்தில் இட்ட ஒரு கையொப்பத்தால் பொருள் முதுமையடைந்தது.

நம் பள்ளிகளுக்கு வரும் மலிவுத் திரைகளிலோ பெரும்பாலும் அண்ட்ரோய்ட் இயங்குதளத்தின் பழைய பதிப்பொன்று பதிந்திருக்கும். திரை பத்தாண்டு உழைக்கும்; உள்ளிருக்கும் மென்பொருளின் ஆயுள் அதனினும் குறைவு. கூட்ட மென்பொருளைச் செய்வோர் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றனர். கூட்ட அறைகளுக்கென அவர்கள் விற்கும் முழு வசதியோ, தாங்கள் சான்றளித்த சாதனங்களில் மட்டுமே இயங்குகின்றது. சான்றில்லாத திரை வெளித்திண்ணையில் நிற்க வேண்டியதுதான்.

இவ்விடத்தில் நமக்கு நம் பாட்டன்மாரின் நினைவு வருகின்றது. தோட்டங்களில் முன்னாளில் ‘துண்டு’ முறை இருந்தது. கங்காணியும் அவனது ஆட்களும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், பழைய தோட்டத்துத் துரை ஒரு துண்டு எழுதித் தரவேண்டும். இவர்கள் மீதுள்ள கடன் இவ்வளவு, இதைத் தீர்ப்பவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் வாசகம். ஆளுக்குக் கைகால் இருந்தது, தொழில் தெரிந்திருந்தது, அடுத்த தோட்டத்தில் வேலையும் இருந்தது; துண்டு இல்லையேல் அவனுக்கு அங்கே இடமில்லை. 1921இல் சட்டத்தின் மூலம் அம்முறை ஒழிக்கப்பட்டது. மனிதனையும் பொருளையும் ஒன்றாக்கிப் பேசுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். மனிதன் பட்ட துன்பத்தைக் கண்ணாடி படுவதில்லை. ஆனால், இயல்பாகவே செல்லக்கூடிய ஒன்றை ஓர் உடைமையாளனின் அனுமதிச் சீட்டால் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இரண்டிலும் ஒன்றே. எங்கள் திரைக்குக் கண் இருந்தது, காது இருந்தது, விரலை உணரும் தோலும் இருந்தது, துண்டுதான் இல்லை.

நிறுவனங்கள் தம் பக்கத்து நியாயத்தைக் கூறாமலில்லை. திரையும் மென்பொருளும் ஒரே கையால் ஆனவையாயின் முதல் தொடுகையிலேயே இயங்கும்; பழுதும் குறையும், பாதுகாப்பும் மிகும் என்பர். இதில் உண்மை உண்டு. பழைய பதிப்புகளை என்றென்றும் காத்துக்கொண்டிருப்பதும் எளிதன்று. ஆயினும், அந்த வசதிக்கு விலை கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். கொழும்பிலுள்ள வங்கி நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை தன் கூட்ட அறையை மாற்றிக்கொள்ளும். மலையகப் பாடசாலைக்கு ஒரு திரை கிடைப்பது தலைமுறைக்கு ஒருமுறை.

6

இதுவரை பெருந்திரையைப் பற்றியே பேசினோம். பாடம் நடக்கும்போது மறுமுனையில் இருப்பது எப்போதும் பெருந்திரையன்று. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதனைக் கண்கூடாகக் கண்டோம். 2021இல் எங்கள் அயலூரான லுணுகலையில், வனத்திலே மலையுச்சி மரமொன்றில் ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்தில் கட்டிய பரணில் ஏறி, பிள்ளைகள் முறைவைத்துப் பாடங்களைத் தரவிறக்கிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. இந்நாட்டின் 43 இலட்சம் மாணவருள் 40 சதவீதத்துக்கு மேற்படாதோரே இணையவழி வகுப்புகளில் சேர முடிகின்றதென இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது கூறினார். லயத்து அறையொன்றில் ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்டனர்; அதுவும் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பின்னர்தான்.

ஆகவே, பெருந்திரை எதனோடு பொருந்த வேண்டும் என்ற கேள்விக்கு முதல் விடை, அந்தக் கைத்தொலைபேசியோடு என்பதே. 75 அங்குலத் திரையில் அழகாகத் தோன்றும் எழுத்து உள்ளங்கைத் திரையில் எறும்பு வரிசையாகிவிடும். தடித்த கோட்டில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரிக்கு மேற்படாமல் எழுதும் ஆசிரியரே இரு திரைகளையும் இணைக்கின்றார்.

தரவுக் கணக்கையும் நோக்குவோம். சூம் நிறுவனம் வெளியிட்டுள்ள அளவுகளின்படி, குழுக் கூட்டத்தில் தெளிவான முகக் காட்சிக்கு நொடிக்கு 600 கிலோபிற் வேண்டும். குரலுக்கு 60 முதல் 80 வரை. முகமின்றித் திரையைப் பகிர்வதற்கு மட்டும் 50 முதல் 75 வரை. கணக்கிட்டுப் பார்த்தால், முகக் காட்சிக்கு ஒரு மணிநேரத்தில் ஏறத்தாழ 270 மெகாபைற் செலவாகும். குரலும் எழுதுபலகையும் மட்டுமெனில் ஏறத்தாழ 70 மெகாபைற்றே. ஆசிரியரின் முகம் பாடத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் தெரிந்தால் போதும். எஞ்சிய நேரம் பலகை தெரியட்டும். நாட்கூலியிலிருந்து தரவு அட்டை வாங்கும் வீட்டுக்கு இதுவே பேருதவி. அதே 2020இல் பல்கலைக்கழக மாணவர்கள் ‘லேர்ன்’ வலையமைப்பின் வழி நடந்த வகுப்புகளில் தரவுக் கட்டணமின்றிச் சேர ஏற்பாடு செய்யப்பட்டது. மனம் இருந்தால் வழி திறக்கும் என்பதற்கு அது சான்று. அந்த வழி லயத்து வாசல்வரை நீளவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

7

தோட்டப் பிள்ளைகளின் கல்வி வரலாற்றில் சாதனங்கள் என்றும் பிந்தியே வந்தன. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தருவது தோட்டத் துரையின் கடமையென 1907ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் அது ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை என்ற அளவில் நின்றது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் முழுப் பயனையும் பெறவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின்னரே அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்றது. ஆனால், அந்தக் கரும்பலகைக்கு ஒரு சிறப்பு இருந்தது. எந்த வெண்கட்டியும் அதில் எழுதும். எந்த ஆசிரியரும் எவரிடமும் அனுமதி கேளாமல் அதில் எழுதலாம். புதிய பலகை பழைய பலகையைவிட இந்த ஒன்றிலேனும் தாழ்ந்திருக்கலாகாது.

அது இயலாத காரியமன்று. அயலிலுள்ள கேரளத்தில் 45,000 வகுப்பறைகளில் அரசே மடிகணினியும் ஒளியெறிகருவியும் அமைத்து, கட்டற்ற மென்பொருளைக் கொண்டு அவற்றை இயக்குகின்றது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தந்தது. சுவிற்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஜெனீவாக் கல்வித் திணைக்களத்தால் வளர்க்கப்பட்ட ‘ஓப்பன்போர்ட்’ எந்தத் தொடுதிரையிலும் எழுதும் கட்டற்ற பலகை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் பிறந்த ‘பிக்புளூபட்டன்’ வகுப்பறைக்கென்றே செய்யப்பட்ட காணொளி மென்பொருள். இணைய உலாவியிலேயே திறக்கும், பலகையும் அதனுள்ளேயே உண்டு. 2011இல் திறந்து விடப்பட்டு, 2021 ஜனவரியில் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட ‘வெப்ஆர்டிசி’ முறை இதற்கு வழிசெய்தது. சாதனத்துக்குத் துண்டு கேளாத வாசல்கள் இவை.

ஆகவே, திரை வாங்கும்போது கேள்விப்பத்திரத்தில் சில வரிகள் இருந்தாக வேண்டும். தனி இயக்கியின்றி எந்தக் கணினியோடும் தொடுகை இணைய வேண்டும். இரு கம்பிகளும் போதிய நீளத்தில் உடன்வர வேண்டும். கணினிப் பகுதி திரையிலிருந்து கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கெனப் பொது அளவில் ‘ஓ.பி.எஸ்.’ என்ற செருகுமுறை 2010 முதல் உண்டு. எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கைந்நூல் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். நம் பக்கத்துப் பொறுப்பும் ஒன்றுண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட வினாத்தாள், அந்த எழுத்துரு இல்லாத திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறுகின்றது. 1991 முதல் தமிழுக்கு ஒருங்குறி இருக்கின்றது. பிறருடைய பூட்டைக் கண்டிக்கும் நாம் நம்முடைய பூட்டையும் கழற்றியாக வேண்டும்.

எங்கள் மண்டபத்துத் திரைக்கு என்னாயிற்று? பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வந்த அட்டைப்பெட்டியின் அடியில் பிரிக்கப்படாமல் கிடந்த யு.எஸ்.பி. கம்பியைக் கண்டெடுத்தாள். இரண்டு நாள் முயன்று தொடுகையைச் சரியான திரைக்குக் கற்பித்தாள். உள்ளிருக்கும் கணினியை விட்டுவிட்டோம். பாடசாலையின் பழைய மடிகணினியில், உலாவியின் வழியே இரு முனையும் ஒரே பலகையில் எழுதுகின்றன. மின்சாரமும் சமிக்ஞையும் இருக்கும் நாட்களில் பௌதிகம் நடக்கின்றது. மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு பாடமேனும் தடைப்படுகின்றது.

அந்த மூதாட்டியை அண்மையில் பிரட்டுக்களத்தருகே கண்டேன். “இப்ப எழுதுறதும் தெரியுதா சேர்?” என்று கேட்டார். தெரிகின்றது என்றேன். “அப்ப மத்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு?” என்றார். அக்கேள்வியை நான் இப்பத்திரிகையின் வாசகர்களாகிய ஆசிரியத் தோழர்களிடமும் மாணவரிடமும் ஒப்படைக்கின்றேன். உங்கள் பாடசாலைக்கு அடுத்த திரை வருவதற்கு முன்னர், அதன் கேள்விப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வந்துவிட்டதாயின், பெட்டியின் அடியை ஒருமுறை பாருங்கள்.